லாரியில் கூலண்ட் ஹீட்டர் பொருத்துவது: குளிர்நாட்டு ஓட்டத்துக்குப் புதியவர்களுக்கு

மைனஸ் 20 டிகிரியில் இரவெல்லாம் நின்ற டீசல் எஞ்சினைக் காலையில் எழுப்பப் போனால் மூன்று தொல்லைகள் ஒன்றாக வந்து நிற்கும். ஆயில் கெட்டியாகி கிராங்கைச் சுற்ற விடாது. பேட்டரி முழுச் சார்ஜில் இருந்தாலும் வழக்கமான பலத்தில் பாதியைத்தான் கொடுக்கும். செல்ஃப் மோட்டார் எப்படியோ முக்கி முனகிச் சுற்றிவிட்டாலும், காற்றை அழுத்துவதால் வரும் சூட்டை ஜில்லிட்ட சிலிண்டர் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அந்தச் சூடு இல்லாவிட்டால் எரிபொருள் பற்றாது, வெள்ளைப் புகைதான் வரும்.

எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலண்டை (குளிர்விக்கும் திரவம்; இந்தக் கட்டுரையில் தண்ணீர் என்று சொல்வதும் பெரும்பாலும் இதையே), ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே சூடாக்கி வைத்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி போய்விடும். கூலண்ட் ஹீட்டரின் வேலை அவ்வளவுதான். கேபினும் சூடாக இருக்கும், கண்ணாடியில் பனி சுரண்டும் வேலையும் குறையும். ஆனால் எஞ்சினுக்குக் கிடைக்கும் நன்மைதான் முதன்மையானது.

ஹீட்டரைச் சேஸிஸில் போல்ட் போட்டு மாட்டுவது பெரிய வித்தை இல்லை. பொருத்திய பிறகு ஓடாமல் படுத்துகிற ஹீட்டர்களைப் பார்த்தால், பெரும்பாலும் குற்றவாளி ஹீட்டர் அல்ல. தண்ணீர்ப் பாதையில் காற்று, டீசல் குழாயில் காற்று, வயரில் வோல்டேஜ் இழப்பு: இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் ஸ்பேனர் பிடிக்கிற கதை குறைவாகவும், இந்த மூன்றைத் தவிர்க்கிற கதை அதிகமாகவும் இருக்கும்.

எந்த ஹீட்டர்?

கடையில் "டீசல் ஹீட்டர்" என்று கேட்டால் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் காட்டுவார்கள். ஒன்று காற்றைச் சூடாக்கி கேபினுக்குள் ஊதுவது. அதற்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லை. படுத்துத் தூங்க அது போதும், காலையில் ஸ்டார்ட் ஆக உதவாது. நமக்கு வேண்டியது கூலண்டைச் சூடாக்குவது. பெட்டியின் மேல் தண்ணீர்க் குழாய் மாட்ட இரண்டு மூக்குகள் இருக்கிறதா என்று பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

கூலண்ட் ஹீட்டரிலும் இரண்டு வகை. முதலாவது மின்சாரத்தில் ஓடும் பிளாக் ஹீட்டர். எஞ்சின் பிளாக்கின் ஓட்டைகளை மூடியிருக்கும் கோர் பிளக் என்ற உலோக மூடிகளில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த ஓட்டையில் ஹீட்டிங் எலிமென்டைப் பொருத்துவார்கள். அல்லது ஹோஸுக்கு நடுவில் ஒரு சிறு டேங்க் போல மாட்டுவார்கள். சுவர் பிளக்கில் சொருகினால் வேலை செய்யும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமேன் என்பவர், சிலிண்டர் ஹெட் போல்டுக்குப் பதிலாக மாட்டும் மின் ஹீட்டருக்கு 1949-இல் காப்புரிமை பெற்றார். இன்று வரை அந்தப் பக்கத்து வாகனங்களில் முன் கிரில்லிலிருந்து ஒரு பிளக் தொங்குவது சாதாரணக் காட்சி. பெரிய லாரி எஞ்சின்களுக்கு 1000 முதல் 1500 வாட் வரை போடுவார்கள்.

இரண்டாவது, லாரியின் டேங்கிலிருந்தே டீசல் எடுத்து எரித்துக் கூலண்டைச் சூடாக்கும் வகை. வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் இரண்டும் இதில் பழைய பெயர்கள். லாரிகளில் அதிகம் பார்ப்பது 5 கிலோவாட் யூனிட். முழு வேகத்தில் மணிக்கு சுமார் 0.6 லிட்டர் டீசல் குடிக்கும். ஒரு பெரிய எஞ்சினைப் பல மணி நேரம் ஐட்லிங்கில் ஓடவிடுவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

எது உங்களுக்கு? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய லாரி எஞ்சினின் இரும்பு சுமார் 1000 கிலோ, உள்ளே 40 லிட்டர் கூலண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மொத்தத்தையும் ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 600 கிலோஜூல் வேண்டும். 1 கிலோவாட் மின் ஹீட்டர் இதை 20 டிகிரி உயர்த்த மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். ஸ்டார்ட் ஆவதற்கு அந்த 20 டிகிரியே பெரும்பாலும் போதும், அதனால்தான் மூன்று, நான்கு மணி நேரம் முன்பே சொருகி வைக்கச் சொல்கிறார்கள். இரவு முழுக்கப் போட்டு வைப்பது மின்சாரத்துக்குக் கேடு, வேறு பலன் இல்லை. அதே எஞ்சினை 5 கிலோவாட் டீசல் ஹீட்டர் மைனஸ் 20-இலிருந்து பிளஸ் 40-க்குக் கொண்டுபோக இரண்டு மணி நேரம் ஆகும். சும்மா ஸ்டார்ட் ஆனால் போதும் என்றால் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். காற்றில் போகும் சூட்டைக் கணக்கில் சேர்த்தால் இவை இன்னும் கொஞ்சம் கூடும்.

தினமும் ஒரே டிப்போவில், பிளக் பாயின்ட் பக்கத்தில் லாரி நிற்கும் என்றால் மின் ஹீட்டரை வாங்குங்கள். மலிவு, எளிது, கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில், சரக்கு இறக்கும் வாசலில், இன்று எங்கே நிற்போம் என்று தெரியாத ஓட்டம் என்றால் டீசல் ஹீட்டர்தான். இரண்டையும் வைத்திருப்பவர்களும் உண்டு. மிகக் கடுமையான குளிரில் அது வீண் செலவு அல்ல.

மின் ஹீட்டரைச் சீக்கிரம் முடித்துவிடுவோம்

உங்கள் எஞ்சின் மாடலுக்கு உரிய ஹீட்டரையே வாங்க வேண்டும். கோர் பிளக்கின் விட்டம் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். எலிமென்டின் வளைவு உள்ளே சிலிண்டர் சுவரில் இடிக்கக் கூடாது. கூலண்டை முழுக்க வடித்துவிட்டுப் பழைய பிளக்கை எடுங்கள். ஓட்டையின் விளிம்பில் துரு, பழைய சீலன்ட் எதுவும் இல்லாமல் துடையுங்கள். ஓ-ரிங்கில் கொஞ்சம் கூலண்ட் தடவி உள்ளே தள்ளி, சொல்லியிருக்கும் டார்க்குக்கு (இறுக்கும் விசை அளவு) மட்டும் இறுக்குங்கள். திரும்ப நிரப்பி, காற்றை எடுத்து, எஞ்சினை ஒருமுறை முழுச் சூட்டுக்கு ஓட்டிக் கசிவு பார்த்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். எலிமென்டைச் சுற்றிக் கூலண்ட் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடினாலே எரிந்துபோகும்.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 1500 வாட் என்பது 230 வோல்டில் ஆறரை ஆம்பியர், 120 வோல்டில் பன்னிரண்டரை ஆம்பியர். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வைத்தபடியே சொருகினால் அந்தச் சுருள் சூடாகித் தீப்பிடிக்கும். வெளிப்புறத்துக்கு ஏற்ற, எர்த் உள்ள வயர் வேண்டும். எர்த் கசிவுக்கு உடனே டிரிப் ஆகும் பிரேக்கர் உள்ள பாயின்டில் சொருகுங்கள். பிளக்கை டிரைவர் கதவில் ஏறும்போது கண்ணில் படும் இடத்தில் கட்டுங்கள். வயரைக் கழற்றாமல் வண்டியை எடுத்துச் சுவர்ப் பெட்டியைப் பிய்த்துக்கொண்டு போவது குளிர்நாட்டு டிப்போக்களில் எல்லோரும் பார்த்த கூத்து.

டீசல் ஹீட்டர்: முதலில் இடம்

இனி வேலை அதிகமுள்ள வகைக்கு வருவோம். பெட்டியைத் திறந்தால் ஹீட்டர், தண்ணீர்ப் பம்ப், டீசலை அளந்து தள்ளும் டோசிங் பம்ப், டேங்கில் இறக்கும் உறிஞ்சு குழாய், மெல்லிய பிளாஸ்டிக் டீசல் குழாய், ஸ்டீல் புகைக்குழாய், சிறு சைலன்சர், வயரிங், டைமர் எல்லாம் இருக்கும். எதையும் மாட்டுவதற்கு முன் யூனிட்டின் மேல் உள்ள தகட்டைப் பாருங்கள்: 12 வோல்டா, 24 வோல்டா? வட அமெரிக்க லாரிகள் 12 வோல்ட், ஐரோப்பிய லாரிகள் 24 வோல்ட். 24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் யூனிட்டை, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் மின்சாரம் எடுத்து ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு பேட்டரியும் சமமில்லாமல் தேய்ந்து சீக்கிரம் செத்துப்போகும்.

அப்புறம் லாரியைச் சுற்றி டார்ச்சோடு படுத்து எழுங்கள். ஹீட்டர் இருக்க வேண்டிய இடம், கூலண்ட் எக்ஸ்பான்ஷன் டேங்கின் குறைந்தபட்சக் கோட்டுக்கு நன்றாகக் கீழே. காற்று எப்போதும் மேலே போய் நிற்கும். ஹீட்டர் உயரமான இடத்தில் இருந்தால் அந்தக் காற்று ஹீட்டருக்குள்ளேயே தங்கிவிடும், யூனிட் கொதித்து அணையும். தண்ணீர்ப் பம்ப் ஹீட்டரையும் விடக் கீழே, அதற்கு முன்னால் இருக்க வேண்டும். தண்ணீரை உறிஞ்சாமல், ஹீட்டருக்குள் தள்ளுகிற மாதிரி.

அதே சமயம் சக்கரம் வாரி அடிக்கும் பனிச்சேறு, சாலை உப்பு படாத இடமாகவும் இருக்க வேண்டும். சேஸிஸ் சட்டத்தின் உள்பக்கம், அல்லது பேட்டரிப் பெட்டியின் பின்புறம் பல லாரிகளில் வாகாக அமையும். சட்டத்தில் புதிதாக ஓட்டை போடுவதற்கு முன் தயாரிப்பாளர் அதை அனுமதிக்கிறாரா என்று பாருங்கள். மேல், கீழ் விளிம்புகளில் ஓட்டை போடவே கூடாது. ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளுக்கு ஏற்ப ஒரு பிராக்கெட் செய்துகொள்வது எப்போதும் நல்லது.

ஆபத்தான சரக்கு ஏற்றும் டேங்கர்களுக்கு எரிபொருள் ஹீட்டர் விஷயத்தில் தனி விதிகள் உண்டு. ஐரோப்பாவில் வாகன ஹீட்டர்களுக்கென்றே ஐ.நா.வின் 122-ஆம் எண் விதிமுறை இருக்கிறது. அந்த மாதிரி வண்டி என்றால் அங்கீகாரம் பெற்ற ஆளிடம் கொடுத்துவிடுங்கள். சொந்தக் கையால் செய்கிற வேலை அல்ல.

தண்ணீர்ப் பாதை

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது பிரஷர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். கூலண்டைச் சுத்தமான பாத்திரத்தில் பிடியுங்கள். எத்திலீன் கிளைக்கால் விஷம், ஆனால் இனிப்பாக இருக்கும். தரையில் தேங்கிக் கிடந்தால் நாயோ பூனையோ நக்கிச் செத்துப்போகும். சிந்தியதை அப்போதே துடைத்து எடுங்கள்.

எளிமையான இணைப்பு இதுதான்: எஞ்சினிலிருந்து கேபின் ஹீட்டருக்குப் போகும் ஹோஸை வெட்டி, அந்த இடைவெளியில் நம் பம்பையும் ஹீட்டரையும் நுழைப்பது. எஞ்சினிலிருந்து வரும் முனை பம்புக்கு, பம்பிலிருந்து ஹீட்டருக்கு, ஹீட்டரிலிருந்து கேபினுக்கு. கேபினைச் சுற்றிய தண்ணீர் எஞ்சினுக்குத் திரும்பி, பிளாக்கையும் ஹெட்டையும் கடந்து மறுபடி வரும். எஞ்சின் ஆறியிருக்கும்போது தெர்மோஸ்டாட் மூடியிருப்பதால் ரேடியேட்டருக்குப் போய் சூடு வீணாகாது.

கேபினுக்குப் போகிற ஹோஸ் எது, திரும்புகிற ஹோஸ் எது? ஊகிக்காதீர்கள். வடிப்பதற்கு முன்பே எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கேபின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இரண்டு ஹோஸையும் கையால் தொட்டுப் பாருங்கள். முதலில் சூடாகிறது போகிற ஹோஸ். அதில் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். பம்பைத் திருப்பி மாட்டிவிட்டால் எஞ்சினின் தண்ணீர்ப் பம்பும் நம்முடைய பம்பும் எதிரெதிராகத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஓட்டத்தில் கேபினும் சூடாகாது, ஹீட்டரும் அடிக்கடி அணையும்.

இந்த இணைப்பில் ஒரு பொறி இருக்கிறது. சில லாரிகளில் கேபின் ஹீட்டரின் குமிழைக் குளிர் பக்கம் திருப்பினால் ஒரு வால்வு தண்ணீரையே நிறுத்திவிடும். அப்போது நம் ஹீட்டரின் தண்ணீருக்குப் போக வழி இருக்காது. உங்கள் லாரியில் அப்படி வால்வு இருந்தால், ஹீட்டர் ஓடும்போது குமிழைச் சூடு பக்கம் வைத்தாக வேண்டும். இல்லையென்றால் வால்வைச் சுற்றி ஒரு பைபாஸ் குழாய் கொடுங்கள். நான் பைபாஸையே சொல்வேன். குளிரில் நடுங்கிக்கொண்டு டைமர் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறவருக்குக் குமிழ் ஞாபகம் இருக்காது.

ஹோஸை வெட்டும்போது கூரிய கத்தியால் நேராக வெட்டுங்கள். ரம்பத்தால் அறுத்தால் ரப்பர்த் தூள் உள்ளே போய்ப் பம்பில் சிக்கும். கூலண்டுக்கென்றே செய்த ஹீட்டர் ஹோஸையே பயன்படுத்த வேண்டும். கிளாம்ப் தேர்வில் குளிர்நாட்டுக்கே உரிய ஒரு நுணுக்கம் உண்டு. கடுங்குளிரில் ரப்பரும் உலோகமும் ஒரே அளவில் சுருங்காது. திருகி இறுக்கும் சாதாரணக் கிளாம்ப் கோடையில் சொட்டுக்கூடக் கசியாது, மைனஸ் 25-இல் சொட்டும், எஞ்சின் சூடானதும் நின்றுவிடும். எங்கிருந்து கூலண்ட் குறைகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஸ்பிரிங் வைத்த கிளாம்ப் ரப்பர் சுருங்கச் சுருங்கத் தானே பிடித்துக்கொள்ளும், அதையே போடுங்கள்.

ஹோஸ் உலோக விளிம்பில் உரசும் இடத்தில் எல்லாம் உறையும், ரப்பர் வைத்த கிளிப்பும் வேண்டும். கேபின் சாயும் லாரி என்றால் இதையும் செய்யுங்கள்: ஹோஸ் வயர் எல்லாம் மாட்டிய பிறகு, கேபினை மெதுவாக முழுக்கச் சாய்த்து, ஓர் ஆளைப் பக்கத்தில் நிற்க வைத்து எதுவும் இழுபடுகிறதா, மடங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாய்க்கும் மூட்டைக் கடக்கும் ஹோஸுக்குத் தாராளமாகத் தளர்வு விட்டிருக்க வேண்டும். ஹோஸ் மேலே வளைந்து கீழே இறங்கும் கூன் எங்கும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காற்று தங்குவது அங்கேதான்.

டீசல் குழாய்

ஹீட்டர் டீசலைச் சொட்டுச் சொட்டாகத்தான் எடுக்கும். டோசிங் பம்ப் ஒரு "டிக்" சத்தத்துக்கு ஒரு துளி தள்ளும். அந்தத் துளிக்குப் பதிலாக ஒரு காற்றுக் குமிழி போனால் தீ ஒரு நொடி தடுமாறும். அடுத்தடுத்து நாலு குமிழி போனால் அணைந்துவிடும். இந்தப் பகுதியின் எல்லா விதிகளும் இதிலிருந்து வருபவை.

முதல் விதி, எஞ்சினுக்குப் போகும் டீசல் லைனிலோ ரிட்டர்ன் லைனிலோ T வடிவ இணைப்பு போட்டு எடுக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது அந்த லைனில் இழுவையும் அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும். ரிட்டர்னில் காற்றும் சேர்ந்து வரும். டேங்கில் தனி உறிஞ்சு குழாய் போடுங்கள். பல டேங்குகளில் அளவுமானி பொருத்திய தட்டில் உபரி ஓட்டை ஒன்று மூடப்பட்டு இருக்கும். இல்லையென்றால் அந்தத் தட்டைக் கழற்றி வெளியே எடுத்து அதில் துளை போடுங்கள். டேங்கின் மேலேயே துளை போட்டால் உலோகச் சீவல் உள்ளே விழும். அது பிறகு எஞ்சின் பம்பைத் தேடிப் போகும்.

உறிஞ்சு குழாயின் கீழ் முனையைச் சாய்வாக வெட்டி, டேங்கின் அடியிலிருந்து இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் மேலே நிற்கும்படி அளந்து வையுங்கள். அடியில் தண்ணீரும் கசடும் தேங்கும். அந்தத் தண்ணீர் மெல்லிய குழாயில் ஏறினால் உறைந்து அடைத்துக்கொள்ளும். குழாய் கொஞ்சம் உயரத்தில் நிற்பதால் இன்னொரு லாபம்: ஹீட்டர் டேங்கைக் காலி செய்து எஞ்சினைப் பட்டினி போடாது.

டோசிங் பம்பை ஹீட்டருக்குப் பக்கத்தில் அல்ல, டேங்குக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அது தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சுமார். கிடையாகவும் மாட்டக் கூடாது. வெளியேறும் முனை மேல்நோக்கி, 15 முதல் 35 டிகிரி சாய்வில் இருந்தால் உள்ளே வந்த குமிழி தானே ஏறி வெளியேறிவிடும். ரப்பர் பட்டையில் தொங்கவிடுங்கள். நேராகச் சட்டத்தில் திருகிவிட்டால் அந்த "டிக் டிக்" இரவு முழுக்கப் படுக்கைக்குக் கேட்கும்.

கிட்டோடு வரும் பிளாஸ்டிக் குழாயின் உள்விட்டம் பென்சில் முனை அளவுதான், சுமார் 2 மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லியதா என்று நினைத்துக் கைவசம் இருக்கும் பெரிய ரப்பர் ஹோஸைப் போட்டுவிடுவார்கள். அதுதான் தவறு. மெல்லிய குழாயில் குமிழி தேங்க இடம் கிடையாது, டீசலோடு சேர்ந்து நகர்ந்துவிடும். அகலக் குழாயில் அது மேற்பக்கம் ஒட்டி நின்று, சேர்ந்து பெரிதாகி, ஒரே அடியாகக் கிளம்பும். இணைப்புகளில் சிறு ரப்பர்த் துண்டு வரும். அதற்குள் இரண்டு குழாய் முனைகளும் ஒன்றையொன்று முட்டி நிற்க வேண்டும். நடுவில் ஒரு சென்டிமீட்டர் விட்டாலும் அங்கே காற்று குடியேறிவிடும். முனைகளைப் பிளேடால் செங்குத்தாக வெட்டினால்தான் முட்டும். பக்கவாட்டு கட்டரால் நசுக்கி வெட்டினால் முட்டாது. குழாயைப் புகைக்குழாய்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

புகையும் காற்றும்

ஹீட்டர் எரித்த புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கும். மணமில்லை, நிறமில்லை, தூங்குகிறவரை எழுப்பாது. புகைக்குழாயின் முனை லாரியின் பக்கவாட்டுக்கு வெளியே, கீழ்நோக்கி, கேபினின் ஜன்னலுக்கும் காற்று உள்ளே வரும் துளைக்கும் எட்டாத இடத்தில் முடிய வேண்டும். முன்பக்கம் பார்த்து வைக்காதீர்கள். ஓட்டத்தில் காற்று எதிர்த்து அடித்துத் தீயை அணைக்கும். எரிவதற்குக் காற்று எடுக்கும் குழாய் இந்தப் புகையை மறுபடி இழுக்காதபடி தள்ளி இருக்கட்டும்.

குழாயைத் தாழ்வாக வளைக்க நேர்ந்தால், அந்தத் தாழ்வான இடத்தில் ஒரு சிறு துளை போடுங்கள். புகையில் நீராவி உண்டு. அது தண்ணீராகி, உறைந்து, குழாயையே மூடிவிடும். புகைக்குழாய் கையைப் பொசுக்கும் சூட்டுக்குப் போகும். பிரேக்கின் நைலான் காற்றுக் குழாய்கள் சேஸிஸில் எங்கே ஓடுகின்றன என்று பார்த்து, அவற்றிலிருந்து நன்றாக விலக்கிக் கொண்டுபோங்கள். இன்னொன்று, படுக்கையுள்ள கேபின் என்றால் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கைக்கு அருகே மாட்டுங்கள். இதில் விவாதமே இல்லை. மூடிய கொட்டகைக்குள் ஹீட்டரை ஓடவிடவும் கூடாது. டீசல் நிரப்பும்போது அணைத்துவிட வேண்டும்.

வயரிங்

ஹீட்டர் ஓடும்போது எடுக்கும் மின்சாரம் கொஞ்சம்தான். ஆனால் தொடக்கத்தில் டீசலைப் பற்ற வைக்கும் குளோ பிளக் சூடாகும் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு 12 வோல்டில் 10 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். பேட்டரிக்கும் ஹீட்டருக்கும் இடையே 5 மீட்டர், போக வர 10 மீட்டர் என்றால், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட். பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஹீட்டரின் கன்ட்ரோலர், 12 வோல்ட் யூனிட்டில் சுமார் 10.5, 24 வோல்ட் யூனிட்டில் சுமார் 21 வோல்டுக்குக் கீழே இறங்கினால் தானே அணைத்துவிடும். குளிரில் வாடிய பேட்டரி ஏற்கெனவே அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். கோடையில் சோதித்தபோது அருமையாக ஓடிய ஹீட்டர் முதல் கடுங்குளிர் இரவில் கைவிடுவதற்கு இந்த அரை வோல்ட் பல நேரங்களில் காரணமாக இருக்கும்.

ஆகவே, பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் நேராகப் பேட்டரிக்கே கொண்டுபோங்கள். சேஸிஸில் எர்த் அடித்தால் இரண்டு குளிர்காலத்தில் உப்பு அரித்துவிடும். கிட்டில் சொன்ன பியூஸைப் பேட்டரிக்கு மிக அருகில் வையுங்கள். கனெக்டருக்குள் தண்ணீர் புகாத கிரீஸ் கொஞ்சம் வைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். லாரியில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால் ஹீட்டரை அதற்கு முன்னால் இணைப்பதா, பின்னால் இணைப்பதா என்று கையேட்டைப் பாருங்கள். ஹீட்டரை அணைத்த பிறகும் அதன் ஃபேன் சில நிமிடம் ஓடி உள்ளே குளிர்விக்கும். அதற்குள் மின்சாரத்தைத் துண்டித்தால் யூனிட் கெடும்.

நிரப்புவதும் காற்று எடுப்பதும்

பழைய கூலண்ட் நல்ல நிலையில் இருந்தால் வடிகட்டி ஊற்றலாம். சந்தேகம் இருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கிளைக்கால் 60 பங்கு என்றால் மைனஸ் 50-ஐத் தாண்டும். நிறையப் போட்டால் நிறையப் பாதுகாப்பு என்று நினைத்துத் தண்ணீரே சேர்க்காமல் ஊற்றினால் நிலைமை தலைகீழ்: தனிக் கிளைக்கால் மைனஸ் 13-இலேயே உறையும். கலக்கும் தண்ணீர் டிஸ்டில்டு தண்ணீராக இருக்கட்டும். நிறத்தைப் பார்த்து வேறு ரகங்களைக் கலக்காதீர்கள்; எஞ்சின் தயாரிப்பாளர் சொன்ன ரகமே வேண்டும்.

கேபின் ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள். காற்றெடுக்கும் ஸ்குரூக்களைத் திறந்து, குமிழியில்லாத கூலண்ட் வரும் வரை மெதுவாக ஊற்றி, மூடுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து சூடாகவிட்டு, ஹோஸ்களை அவ்வப்போது கையால் பிசையுங்கள். உள்ளே "களக் களக்" என்று கேட்டால் காற்று இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு அளவைப் பார்த்து மேலே ஊற்றுங்கள். இந்தச் சுற்றை அவசரப்படாமல் இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். ஏர் லாக் ஆன சர்க்யூட்டில் ஹீட்டரைப் பற்ற வைத்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் அதிகச் சூடு என்று சொல்லி அணையும். அடிக்கடி அப்படி நடந்தால் பூட்டிக்கொண்டு, கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்யாமல் திறக்காது.

முதல் தடவை பற்ற வைப்பது

காலிக் குழாயில் டீசல் ஏறி வர நேரம் ஆகும். முதல் முயற்சியில் பற்றாது, இரண்டாவதிலும் பற்றாமல் போகலாம். பதற்றம் வேண்டாம். முயற்சிகளுக்கு நடுவில் சற்று இடைவெளி விடுங்கள். குழாய் அரைகுறையாக ஒளி ஊடுருவும் ரகம் என்பதால், பின்னால் டார்ச் பிடித்தால் டீசல் நகர்வது தெரியும். கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு ஒரு மெல்லிய இரைச்சல், பிறகு புகை மறைந்துவிடும். கறுப்புப் புகை தொடர்ந்து வந்தால் காற்று வழி எங்கோ அடைத்திருக்கிறது.

ஓடத் தொடங்கியதும் ஹீட்டருக்குள் போகும் ஹோஸையும் வெளியே வரும் ஹோஸையும் அகச்சிவப்பு தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் ஓட்டத்தில் 5 கிலோவாட் யூனிட் ஐந்தாறு டிகிரிதான் உயர்த்தும். வித்தியாசம் 20 டிகிரி என்று காட்டினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: காற்று, மடிந்த ஹோஸ், மூடிய வால்வு, இந்த வரிசையில் தேடுங்கள். எல்லா இணைப்புகளையும் காய்ந்த காகிதத்தால் துடைத்துக் கசிவு பாருங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு கிளாம்புகளையும் கூலண்ட் அளவையும் மறுபடி பாருங்கள்.

தினசரிப் பயன்பாடு

புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஓடும்படி டைமர் வையுங்கள்; கடுங்குளிர் என்றால் ஒன்றரை மணி நேரம். கேபின் ஃபேன் எந்நேரமும் முழு வேகத்தில் வேண்டாம், பேட்டரியைத் தின்பது ஹீட்டரை விட அதுதான். ஹீட்டரை எவ்வளவு நேரம் ஓட்டினீர்களோ அவ்வளவு நேரமாவது அன்று வண்டியை ஓட்டுங்கள், இல்லாவிட்டால் எடுத்த சார்ஜ் திரும்பாது. பற்றவைத்த ஹீட்டரை ஐந்து நிமிடத்தில் அணைக்கும் பழக்கம் கூடாது. சூடேறாமல் அணையும் தீ கரியைத்தான் விட்டுவைக்கும். குறைந்தது 20 நிமிடமாவது ஓடட்டும்.

ஹீட்டர் செய்யாத வேலைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை அது நேரடியாகச் சூடாக்காது. பிளாக்கிலிருந்து கொஞ்சம் சூடு இறங்கும், அவ்வளவே. 15டபிள்யூ-40 ரக ஆயில் (டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குறையக் குறைய குளிரில் கெட்டியாவது குறையும்) கிராங்க் சுற்றுவதற்கு மைனஸ் 20 வரை சோதிக்கப்பட்டது, 5டபிள்யூ-40 மைனஸ் 30 வரை. எஞ்சின் தயாரிப்பாளர் அனுமதித்தால் குளிர்காலத்துக்கு இரண்டாவதற்கு மாறுங்கள். டேங்கில் உள்ள டீசல் மெழுகு கட்டினால் இந்த ஹீட்டரால் ஒன்றும் செய்ய முடியாது, அதே டீசலைத்தான் அதுவும் குடிக்கிறது. இலையுதிர் காலத்திலேயே குளிர்கால டீசலுக்கு மாறி, அதை நிரப்பிய பிறகு ஹீட்டரையும் ஒருமுறை ஓட்டி, மெல்லிய குழாயில் நிற்கும் கோடை டீசலை எரித்து முடித்துவிடுங்கள்.

கோடையில் ஹீட்டரை மறந்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறை இருபது நிமிடம் ஓட்டினால் பம்ப் இறுகாது, குழாயில் டீசல் பிசுபிசுக்காது. வெயிலில் கூலண்ட் சூடாக இருந்தால் ஹீட்டர் பற்றவே பற்றாது. அதனால் இதை எஞ்சின் ஆறியிருக்கும் அதிகாலையில் செய்யுங்கள்.